பொஹீமியாவும் பொஹீமியன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் காசில்லாமல், எந்தக் கட்டுக்கும் அடங்காமல், கவிதையும் ஓவியமுமாகத் திரிகிறவரை "பொஹீமியன்" என்று சொல்லும் பழக்கம் தமிழ் இலக்கிய வட்டங்களிலும் உண்டு. அதே பெயரில் ஐரோப்பாவில் ஒரு நிலப்பகுதி இருக்கிறது. அந்த மண்ணின் மக்களுக்கும் இந்தப் பட்டத்துக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மக்கள் கூட்டம் சிக்கிக்கொண்டிருக்கிறது. மூவரையும் தனித்தனியே பார்த்தால்தான் கதை விளங்கும். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளை வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பொஹீமியா எங்கே இருக்கிறது?

செக் குடியரசின் மேற்குப் பகுதிதான் பொஹீமியா. பரப்பு சுமார் 52,000 சதுர கிலோமீட்டர். நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தலைநகர் பிராக் இதற்குள் இருக்கிறது. கிழக்கே மொராவியா, வடகிழக்கு மூலையில் சைலீசியாவின் ஒரு துண்டு. மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய செக் நாடு. எல்லையோரம் பெரும்பாலும் மலைத்தொடர்கள். வல்டாவா ஆறு தெற்கிலிருந்து கிளம்பி, பிராக் நகரைக் கடந்து, வடக்கே எல்பே நதியில் கலக்கிறது. நாம் கொங்கு நாடு என்று சொல்வது போலத்தான் இதுவும்: எல்லாருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அரசு நிர்வாகத்தில் அப்படி ஒரு மாநிலம் இன்று கிடையாது.

அந்தப் பெயர் யார் வைத்தது?

பழங்காலத்தில் அங்கே வாழ்ந்த போயி என்ற கெல்ட் இனக்குழுவின் பெயரை வைத்து ரோமானியர்கள் அழைத்த பெயர் அது. "போயிகளின் வீடு" என்பது பொருள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், அங்கே குடிகள் மாறிவிட்டார்கள், பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதே குறிப்பிட்டிருக்கிறார். பின்னால் வந்து குடியேறிய ஸ்லாவிய மக்கள்தான் செக் மக்கள். அவர்கள் தங்கள் மண்ணைச் "செஹி" என்பார்கள். "பொஹீமியா" வெளியார் வாயில் வழங்கிய பெயர்.

அந்த மண்ணின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நெடுங்காலம் அது ஒரு முடியரசு. நான்காம் சார்லஸ் காலத்தில் அதற்குப் பொற்காலம்: 1348இல் பிராகில் பல்கலைக்கழகம், 1357இல் இன்றும் நிற்கும் கல்பாலத்துக்கு அடிக்கல். திருச்சபையை எதிர்த்துப் பேசிய யான் ஹுஸ் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு நூறு ஆண்டு முந்தைய கலகம் அது. 1620இல் வெண்மலைப் போரில் தோற்றபின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் பிடி இறுகியது. 1918இல் செக்கோஸ்லோவாக்கியா, 1939இல் நாஜி ஆக்கிரமிப்பு, 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி, 1993 ஜனவரி 1 முதல் செக் குடியரசு. கலைஞர்களின் சுற்றித்திரியும் வாழ்க்கைக்குப் பெயர் கொடுத்ததற்கான காரணம் இந்த வரலாற்றில் எங்கும் இல்லை.

பிறகு எப்படி அந்தப் பெயர் கலைஞர்களுக்கு வந்தது?

முதலில் சொன்ன அந்த மூன்றாவது கூட்டமான ரோமா மக்கள் வழியாக வந்தது. 1423இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்முந்த், தம் நாட்டில் இருந்த ஒரு ரோமா குழுவுக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார். பொஹீமியாவின் அரசுரிமையும் அவருடையதுதான். அப்படிப்பட்ட கடிதங்களோடு மேற்கே வந்தவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் "பொஹேமியன்கள்" என்று அழைத்தார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலேயர்கள் அதே மக்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து "ஜிப்ஸி" என்றார்கள். இரண்டும் பிழை.

1427 ஆகஸ்டில் நூற்றுச் சொச்சம் பேர் பாரிஸ் வாசலுக்கு வந்ததை, பெயர் தெரியாத ஒரு பாரிஸ்வாசி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குள் விடாமல், வெளியே லா ஷப்பெல் என்ற இடத்தில் தங்க வைத்தார்கள். ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போனது. கையை நீட்டி ரேகை பார்த்துக்கொண்டது. செய்தி எட்டியதும் ஆயர் நேரில் வந்து, குறி சொன்னவர்களையும் கையை நீட்டியவர்களையும் சேர்த்தே திருச்சபையிலிருந்து விலக்கினார். வந்தவர்கள் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்கும் ஆசையும் விரட்டும் வேகமும் ஒரே மாதத்துக்குள் நடந்திருக்கின்றன. அடுத்த பல நூறு ஆண்டுகளும் அவர்களுக்கு இதுவேதான்.

நானூறு ஆண்டு கழித்து, 1830களில், வீடு வாசல் நிலையில்லாமல் பாரிஸில் அலைந்த இளம் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பார்த்து, "இவர்களும் பொஹேமியன்கள் போலத்தான்" என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. முதலில் அது வசை. சீக்கிரமே இளைஞர்கள் அதைப் பட்டமாக எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.

ரோமா மக்களுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அவர்களின் ரோமானி மொழி இந்தோ-ஆரிய மொழி. தண்ணீருக்குப் "பாணி", மூக்குக்கு "நாக்" என்பார்கள். இந்தி தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே நகர்ந்தவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் சொல்கின்றன. நம் ஊர் நரிக்குறவர்களும் அவர்களும் ஒன்றே என்று சிலர் எழுதுகிறார்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான். அது மட்டும் வைத்து இரண்டு சமூகங்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். கலைஞர்கள் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள், வேண்டாதபோது கழற்றி வைத்தார்கள். ரோமா மக்களால் கழற்ற முடியவில்லை. உண்மையான பொஹீமியாவிலேயே, பிராகுக்குத் தெற்கே லெட்டி என்ற ஊரில், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் ரோமா மக்களுக்கென்று ஒரு முகாம் இருந்தது. 1942, 1943 ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். எஞ்சியவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பொஹீமியாவிலும் மொராவியாவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த ரோமா சமூகம் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. 1970களில் அந்த முகாம் இருந்த இடத்தில் ஒரு பன்றிப் பண்ணை கட்டினார்கள். அதை அகற்றச் சொல்லிப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. அரசு அதை விலைக்கு வாங்கி இடித்து, 2024இல்தான் நினைவிடம் திறந்தது.

1830களின் பாரிஸில் மட்டும் ஏன் அத்தனை கலைஞர்கள் அலைந்தார்கள்?

பெரும்பாலும் பிழைப்புதான் காரணம். அரண்மனையும் தேவாலயமும் பிரபுக்களும் கலைஞருக்குச் சோறு போட்ட காலம் பிரெஞ்சுப் புரட்சியோடு முடிந்துவிட்டது. படித்த இளைஞர்கள் கிராமங்களிலிருந்து பாரிஸுக்கு வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் வேலை இல்லை. புரவலர் போன இடத்தில் சந்தை வந்தது. 1836இல் எமில் த ஜிரார்தன் தொடங்கிய "லா பிரெஸ்" நாளிதழ், ஆண்டுச் சந்தாவை மற்ற நாளிதழ்களின் சந்தாவில் பாதியாக, 40 பிராங்காக, வைத்தது. விளம்பர வருமானமும் தொடர்கதையும் அந்தக் குறைந்த விலையைத் தாங்கின. எழுத்து வரிக்கு இவ்வளவு என்று விலைபோகத் தொடங்கியது அப்போதுதான். விற்றவர் பணக்காரர் ஆனார், விற்காதவர் மொட்டைமாடி அறையில் குளிரில் கிடந்தார். இந்த இரண்டாம் வகையினர்தான் பொஹீமியன்கள். தங்களை வாங்க மறுத்த வணிகர்களின் வாழ்க்கை முறையைக் கேலி செய்வது அவர்களுக்குக் கொள்கையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அந்த வாழ்க்கையை முதலில் எழுதிப் பிரபலமாக்கியவர் யார்?

ஆன்ரி முர்ஜேர். 1822இல் பிறந்தவர், அப்பா பாரிஸில் தையல்காரர், கூடவே கட்டட வாயில்காவலர். முர்ஜேரும் நண்பர்களும் வைத்திருந்த சிறு வட்டத்துக்குப் பெயர் "தண்ணீர் குடிப்பவர்கள்". மது வாங்கக் காசில்லாததால் அந்தப் பெயர். பின்னாளில் புகைப்படக் கலைஞராகப் புகழ்பெற்ற நாடார் அந்த வட்டத்தில் ஒருவர். லூவ்ர் அரண்மனைக்கு அருகே மோமுஸ் என்ற காபிக்கடையின் மாடியில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்த நாட்களை 1845 முதல் ஒரு சிறு பத்திரிகையில் துண்டு துண்டாகக் கதைகளாக எழுதினார் முர்ஜேர். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. தியோதோர் பாரியேரோடு சேர்ந்து அவற்றை நாடகமாக்கி 1849 நவம்பரில் மேடையேற்றியதும் ஒரே இரவில் பெயர் வந்துவிட்டது. 1851இல் கதைகள் நூலாயின. நூலின் முன்னுரையில், இந்த வாழ்க்கை ஒரு பயிற்சிக் காலம் மட்டுமே, இதற்கு அடுத்த வாசல் கலைக்கழகமாக இருக்கலாம், தர்ம ஆஸ்பத்திரியாக இருக்கலாம், பிணவறையாகவும் இருக்கலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இந்த வரியைத் தாண்டிப் போய், கதையில் வரும் சிரிப்பையும் காதலையும் மட்டும் எடுத்துக்கொண்ட வாசகர்கள்தான் அதிகம்.

கதைமாந்தர்கள் நிஜ மனிதர்களா?

பெரும்பாலும் ஆம். இசைக்கலைஞன் ஷோனாருக்கு மாதிரியான அலெக்சாந்தர் ஷான் பின்னாளில் குடும்பத்தின் பொம்மைத் தொழிலை எடுத்து நடத்தினார். வயதான காலத்தில் நினைவுகளையும் எழுதினார். நாயகி மிமிக்கு மாதிரிகளில் ஒருவரான பெண் 1848இல் மருத்துவமனையில் காசநோயில் இறந்தார். திரும்பிப் போக ஒரு தொழிற்கூடம் இருந்தவருக்கும் எதுவும் இல்லாதவருக்கும் இதே வாழ்க்கை எவ்வளவு வேறாக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். முர்ஜேர் தாமும் புகழுக்குப் பின் காசைக் காப்பாற்ற முடியாமல், 1861இல் 38 வயதில் மருத்துவமனையில் இறந்தார்.

"லா பொஹேம்" ஓபரா இந்தக் கதைதானா?

அதேதான். புச்சீனி இசையமைத்து, 1896 பிப்ரவரி 1 அன்று இத்தாலியின் தூரின் நகரில் அரங்கேறியது; இசைக்குழுவை நடத்தியவர் இளம் தொஸ்கனினி. அடுத்த ஆண்டே லெயோன்கவல்லோ அதே கதையை வைத்து இன்னொரு ஓபரா போட்டார், அது நிலைக்கவில்லை.

வறுமைதான் அவர்களுக்குக் கலையைக் கொடுத்ததா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இல்லை என்பதே என் உறுதியான பதில். பாரிஸின் மோன்மார்த் மேட்டில் "பத்தோ லவ்வார்" என்றொரு கட்டடம் இருந்தது. முன்பு பியானோ பட்டறையாக இருந்ததைத் தடுத்துத் தடுத்து ஓவிய அறைகளாக்கியிருந்தார்கள். முழுக் கட்டடத்துக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். குளிர்காலத்தில் உறைபனிக் குளிர், கோடையில் தகரக் கொட்டகை வெக்கை. பிக்காஸோ 1904 முதல் 1909 வரை அங்கே இருந்தார். நவீன ஓவியத்தின் போக்கை மாற்றிய ஐந்து பெண்களின் படத்தை 1907இல் அங்கேதான் வரைந்தார். ஆனால் அங்கே அவருக்கு உதவியது குளிரும் பட்டினியும் அல்ல. வாடகை மலிவு, அதனால் நாள் முழுக்க வரைய நேரம் கிடைத்தது. பக்கத்து அறைகளில் ஓவியர்களும் கவிஞர்களும் இருந்தார்கள், அதனால் பார்த்துச் சொல்லவும் சண்டை போடவும் ஆள் கிடைத்தது. வாங்க ஆள் வந்ததும் அவர் நல்ல வீட்டுக்குப் போனார், அங்கேயும் நன்றாகவே வரைந்தார்.

மோன்மார்த்துக்குக் கலைஞர்கள் போனதற்கும் இதே கணக்குதான். 1850களில் பாரிஸின் பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்தியபோது நடுநகரத்தில் வாடகை ஏறியது. மோன்மார்த் 1860 வரை நகர எல்லைக்கு வெளியே இருந்ததால் அங்கே சரக்குக்கு நகரச் சுங்கவரியும் இல்லை.

வறுமை கொன்றவர்களின் பட்டியலும் உண்டு. பாரிஸில் வாழ்ந்த ஓவியர் மோதிலியானி 1920 ஜனவரியில் காசநோய் மூளையைத் தாக்கி 35 வயதில் இறந்தார். அவர் படங்கள் இன்று விற்கும் கோடிகளைச் சொல்லி வியக்கிறவர்கள், ஒரு நல்ல அறையும் நல்ல வைத்தியமும் இருந்திருந்தால் இன்னும் முப்பது ஆண்டு வரைந்திருப்பாரே என்று யோசிப்பதில்லை.

பெண்கள் இந்த வாழ்க்கையில் எங்கே?

கதைகளில் காதலியாக, சித்திரங்களில் மாடலாக, அடுப்படியில் சமைப்பவராக. ஆண்களுக்குக் கிடைத்த விடுதலையின் செலவைப் பெரும்பாலும் அவர்களே சுமந்தார்கள். விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும்: சூசான் வலதோன். 1865இல், தந்தை பெயர் இல்லாமல், துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்குப் பிறந்தவர். ரெனுவார் போன்ற ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். நிற்கும்போதே அவர்கள் கோடு இழுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வீட்டில் தனியாக வரைந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்த ஓவியர் தெகா, அவற்றை விலைகொடுத்து வாங்கினார். வலதோன் வரைந்த பெண்ணுடல்களில் ஒய்யாரம் கிடையாது. உழைத்துக் களைத்த உடம்பு இருக்கும், அழகுக்காக எதையும் மறைத்திருக்க மாட்டார். எனக்கு முர்ஜேரின் கதைகள் எல்லாவற்றையும்விட வலதோனின் ஒரு படம் அந்த வாழ்க்கையை உண்மையாகச் சொல்கிறது.

உண்மையான பொஹீமியாவில் பொஹீமியன்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், பாரிஸுக்குக் குறைவில்லாமல். யாரோஸ்லாவ் ஹாஷெக் (1883–1923) அதற்கு முதல் சாட்சி. விலங்குகள் பற்றிய பத்திரிகை ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, உலகத்தில் இல்லாத விலங்குகளைக் கற்பனை செய்து கட்டுரை எழுதி வேலையை இழந்தவர். 1911 தேர்தலில் "சட்ட வரம்புக்குட்பட்ட மிதமான முன்னேற்றக் கட்சி" என்று ஒன்றைத் தொடங்கி, பிராகின் மதுக்கடையில் நண்பர்களோடு பிரசாரம் செய்தார். ஆஸ்திரியப் பேரரசின் அரசியலை நையாண்டி செய்யத்தான் அது. முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய்த் திரும்பியபின் எழுதிய ஷ்வெய்க் என்ற படைவீரனின் கதை உலகப் புகழ் பெற்றது. முடிக்கும் முன்பே இறந்துவிட்டார்.

அதைவிடக் கனமான கதை அறுபது ஆண்டு கழித்து நடந்தது. 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த சில வாரங்களில், பிராகில் "பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்" என்ற ராக் இசைக்குழு தோன்றியது. நீண்ட முடி, புரியாத பாட்டு. அரசியல் கோஷம் எதுவும் இல்லை. மேடையில் வாசிக்கும் உரிமத்தை அரசு பறித்தது. கிராமத்துத் திருமணங்களிலும் களஞ்சியங்களிலும் ரகசியமாக வாசித்தார்கள். 1976இல் கைது செய்து, வழக்கு நடத்தி, சிலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அந்த வழக்கை நேரில் போய்ப் பார்த்தார். விரும்பிய பாட்டைப் பாடும் உரிமையே போய்விட்டால் மிச்சம் எந்த உரிமையும் நிற்காது என்பது அவருக்கும் நண்பர்களுக்கும் விளங்கியது. அடுத்த ஜனவரியில் வெளிவந்த "சாசனம் 77" என்ற மனித உரிமை அறிக்கைக்கு அந்த வழக்குதான் உடனடித் தூண்டுதல். 1989 டிசம்பரில் ஹாவெல் நாட்டின் அதிபரானார்.

"பொஹீமியன் ராப்சடி" பாட்டு செக் நாட்டைப் பற்றியதா?

இல்லை. 1975இல் குவீன் இசைக்குழு வெளியிட்டது. எழுதிய பிரெடி மெர்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு படித்தவர்.

தமிழில் யாரை அப்படிச் சொல்கிறோம்? தமிழ்நாட்டில் கலைஞர் குடியிருப்பு எதுவும் உண்டா?

சிற்றிதழ் வட்டத்தில் இந்தச் சொல் அதிகம் ஒட்டிக்கொண்டது ஜி. நாகராஜன் (1929–1981) மீது. மதுரைக்காரர், பெயர்பெற்ற கணித ஆசிரியர். விளிம்பு மனிதர்களை ஒளிவுமறைவின்றி எழுதியவர். அவர் குடித்ததையும் அலைந்ததையும் பேசும் அளவுக்கு அவருடைய உரைநடையின் கட்டுக்கோப்பை நாம் பேசுவதில்லை. அந்தக் கச்சிதம் அலைந்து திரிந்ததால் வந்துவிடாது, உட்கார்ந்து எழுதினால்தான் வரும்.

குடியிருப்பு என்றால் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமம். அரசு ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் தொடங்கினார்கள். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஏதோ வேலைக்குப் போய் ஓவியத்தையே விட்டுவிடுகிறார்களே என்ற கவலை அவருக்கு. பட்டினி கிடந்து கலை வளர்ப்போம் என்று அவர்கள் கிளம்பவில்லை. பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடலோரம் நிலம் வாங்கி, வீடும் ஓவியக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கைவினை, மிச்ச நேரம் ஓவியமும் சிற்பமும் என்பது ஏற்பாடு. அறுபது ஆண்டாகியும் அது நிற்கிறது. கலைஞன் எப்படி வாழலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் பாரிஸ் கதைகளுக்கு முன்னால் ஈஞ்சம்பாக்கத்தைத்தான் சொல்வேன்.

பொஹீமியாவிலிருந்து நமக்கு வந்தது வேறு ஏதாவது உண்டா?

கண்ணாடி. வெட்டுவேலைப்பாடு செய்த பொஹீமியக் கண்ணாடிச் சரவிளக்குகள் இந்திய அரண்மனைகளில் இன்னும் தொங்குகின்றன. வட பொஹீமியாவின் யாப்லோனெட்ஸ் பகுதியிலிருந்து கண்ணாடி மணிகளும் வளையல்களும் 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஜாவா மோட்டார் சைக்கிளும் அங்கிருந்து வந்ததுதான்: 1929இல் பிராகில் தொடங்கிய நிறுவனம், 1960களில் மைசூரில் உற்பத்தி, பிறகு "யெஸ்டி" என்ற பெயர்.

தமிழுக்கு வந்த பெரிய வரவு கமில் சுவெலபில். 1927இல் பிராகில் பிறந்து, அதே நான்காம் சார்லஸ் நிறுவிய பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பணியாற்றினார். தமிழ் இலக்கியத்தை மேலைநாட்டு வாசகருக்கு அறிமுகப்படுத்திய அவருடைய முருகன் பெயர் தாங்கிய நூல் 1973இல் வந்தது. நீலகிரி இருளர் மொழியை முறையாக ஆராய்ந்து பதிவு செய்தவரும் அவரே. பிராகில் தமிழ்க் கல்வியைப் பின்னாளில் தொடர்ந்தவர் யாரோஸ்லாவ் வாச்செக்.

கடையில் "போஹோ" என்று விற்கும் உடைக்கும் இதற்கும் தொடர்பு?

பெயரளவில் தொடர்பு. தொளதொள பாவாடை, குஞ்சம், மணிமாலை, கண்ணாடிப் பதிப்பு இவையெல்லாம் ரோமா பெண்களின் உடை என்று ஐரோப்பியர் மனத்தில் பதிந்த படத்திலிருந்து ஓவியர்கள் எடுத்தது, பிறகு ஹிப்பிகள் எடுத்தது, இப்போது கடைகள் எடுத்தது. அதில் பாதி குஜராத், ராஜஸ்தான் கைவேலை. "போஹோ" என்ற சீட்டு ஒட்டியதும் விலை கூடுகிறது. தைத்த பெண்ணின் கூலி கூடியதாக நான் எங்கும் பார்க்கவில்லை.

நேரில் போய்ப் பார்க்க விரும்பினால்?

பாரிஸில் மோன்மார்த் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வலதோன் வாழ்ந்து வரைந்த அறையை அங்கே சீரமைத்து வைத்திருக்கிறார்கள். பத்தோ லவ்வார் 1970இல் தீப்பிடித்து எரிந்துவிட்டது. பிறகு கட்டியதைத் தெருவில் நின்றுதான் பார்க்கலாம். செக் நாட்டில் பிராகோடு நிறுத்திக்கொள்ளாமல், தெற்கே வல்டாவா வளைந்தோடும் செஸ்கி க்ரும்லோவுக்கும், கண்ணாடித் தொழில் நடக்கும் வடக்கு ஊரான நோவி போருக்கும் போகலாம். லெட்டி நினைவிடம் பிராகிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். பிரான்ஸ், செக் இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்.